உள்நோக்கித் திறக்கும் கதவு

மூன்று அப்பம் சுட்டேன்.
ஒன்று உமக்கு. ஒன்று அதிதூதருக்கு.
மூன்றாவது, இந்த ஸ்வானேத்தி மலையில் நாங்கள்
லமாரியா என்று கூப்பிடும் உம் தாய்க்கு.
அது கொஞ்சம் கருகிவிட்டது.
அவள் ஒன்றும் சொல்லமாட்டாள்,
அவளும் அடுப்படியில் நின்றவள்.

பெக்கான் இன்னும் வரவில்லை, ஆண்டவரே.
நாலரைக்கே கிளம்பினான்
மஞ்சள் விளக்கு சுழலும் பனிவாரி வண்டியில்.
மேல்வளைவில் பாதை மூடிவிட்டதாம்,
அந்தப் பக்கம் ஒரு பிள்ளைத்தாய்ச்சி காத்திருக்கிறாளாம்.
மூன்று நாளாய் மேல்காற்று.
பழைய பனியின்மேல் புதுப்பனி
ஒட்டாமல் உட்கார்ந்திருக்கிறது,
வேண்டாத விருந்தாளி
நாற்காலி நுனியில் உட்காருவதைப் போல.

எதிலிருந்து காக்கவேண்டும் என்று
உமக்குச் சொல்லத் தேவையில்லை.
சொன்னால்தான் எனக்குக் கை நடுங்காமல் இருக்கிறது.

பனிச்சரிவிலிருந்து.
மாதக் கடைசியில் வங்கி அனுப்பும்
இரண்டு வரிச் செய்தியிலிருந்து.
போலந்தில் லாரி ஓட்டும் என் மகன்
'நல்லா இருக்கேம்மா' என்று சொல்லும்போது
அந்த 'நல்லா'வுக்குள் கேட்கும் இருமலிலிருந்து.
பசுவின் குளம்பு அழுகலிலிருந்து. சிரிக்காதேயும்,
எங்களுக்கு இருப்பது அந்த ஒன்றுதான்.
என் வாயிலிருந்தும்.
மத்தியானம் ஒன்றுமில்லாத சண்டையில்
'போய்த் தொலை' என்றேன் அவனிடம்.
அந்த இரண்டாவது சொல்லை
நீர் கேட்காததுபோல் இரும்.

இதே வார்த்தைகளால்தான்
அந்த வருஷமும் கேட்டேன்.
இதே மூன்று அப்பம். அன்று ஒன்றுகூடக் கருகவில்லை.
ஐந்தாம் நாள் தோண்டி
என் தங்கை எத்தேரியை எடுத்தார்கள்.
கையில் ஒரு கரண்டி. காம்பு வளைந்திருந்தது.
பாதிரியார் ஏதோ சொன்னார்,
நான் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஆறு மாதம் உம்மோடு நான் பேசவில்லை.
நீராவது பேசியிருக்கலாம்.
ஏழாம் மாதம் புல் அறுக்கையில்
அரிவாள் விரலில் பட்டு 'கடவுளே' என்றேன்.
அவ்வளவுதான் நம் சமாதானம்.

இந்த வீட்டுக் கதவு உள்நோக்கித் திறக்கும்.
வெளியே திறக்கும் கதவைப் பனி
ஒரே இரவில் பூட்டிவிடும்.
உள்ளே திறந்தால்
சுவராய் நிற்கும் வெள்ளையை
இங்கிருந்தே வெட்டிக்கொண்டு போகலாம்.
அதனால் மண்வெட்டியும் உள்ளேதான்,
பூட்ஸுகளுக்குப் பக்கத்தில், உம் படத்துக்குக் கீழே.

எத்தேரி வீட்டுக் கதவு புதுசு.
இரும்பு. பச்சை வர்ணம். வெளியே திறப்பது.
நகரத்துக் கடையில்
அழகாயிருக்கிறது, எடு என்று சொன்னது நான்.
இதை யாரிடமும் சொன்னதில்லை.
உமக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்,
ஆனாலும் சொல்லாமலே இருந்தேன்.

மலையைப் பிடித்து நிறுத்தும் என்று
கேட்கவில்லை என்றால் பொய்.
அதைத்தான் கேட்கிறேன். எல்லாவற்றையும் கேட்கிறேன்.
ஆனால் விழத்தான் போகிறது என்றால்
மூடியதற்கு உள்பக்கம் இரும்.
வானத்தில் அல்ல. மீட்க வருகிற கூட்டத்தோடும் அல்ல.
இருட்டில் கை துழாவினால் தட்டுப்படுகிற இடத்தில்,
மண்வெட்டி இருக்கிற மாதிரி.

அப்பம் ஆறுகிறது.
ஜன்னலில் ஒரு மஞ்சள்...
இல்லை. பக்கத்து வீட்டு லாமாரா
மாட்டுக்கொட்டிலில் விளக்குப் போட்டிருக்கிறாள்.
இன்னொரு விறகு வைக்கிறேன்.
ஆமென் இன்னும் சொல்லவில்லை, கவனித்திருப்பீர்.
அவன் வந்து பூட்ஸைக் கழற்றட்டும்.